தண்ணில கிடக்குற எதிரிய தூக்கவா, வேணாமா? 1942 ஐகரஸ் கப்பல் கதை

(திரையில்: அமெரிக்க கிழக்கு கடற்கரை மேப்)

1942 மே 9, ரெண்டாம் உலகப் போர் நடக்குற நேரம், சாயங்காலம். வடக்கு கரோலினா கரையில கேப் லுக்அவுட்ங்கிற முனை பக்கம் ஐகரஸ்னு ஒரு அமெரிக்க கோஸ்ட் கார்டு, அதாவது கடலோர காவல்படை கப்பல் தனியா போயிட்டிருக்கு. நீளம் வெறும் 165 அடி, மதுவிலக்கு காலத்துல சாராயம் கடத்துறவங்கள துரத்துறதுக்குன்னே கட்டுன ரகம். அந்த வருஷம் அந்த கரையோரம் பூரா ஜெர்மன் சப்மரைனுங்க புகுந்து சரக்கு கப்பலா பாத்து மூழ்கடிச்சிட்டு இருந்தாங்க.

அதுல ஒண்ணு யூ-352. ஐகரஸ பாத்து டார்பிடோ விட்டுச்சு, குறி தப்பிருச்சு. ஐகரஸ் சோனார்ல, அதாவது ஒலிய வச்சு தண்ணிக்கடியில தேடுற கருவியில, இடத்த புடிச்சு டெப்த் சார்ஜா (தண்ணிக்கடியில வெடிக்கிற குண்டு) போட, அங்க ஆழமும் கம்மி, சப்மரைன் எங்க ஓடி ஒளியிறது? அடிபட்ட சப்மரைன் மேல வந்துச்சு. உள்ள இருந்தவங்க வெளிய குதிக்க குதிக்க, டெக்ல இருக்குற பீரங்கிய தொட்டுருவாங்களோன்னு ஐகரஸ் மெஷின் கன்னால சுட்டுச்சு. அஞ்சே நிமிஷத்துல சப்மரைன் முழுகிருச்சு.

இப்பதான் நான் சொல்ல வந்த விஷயம். முப்பது பேருக்கு மேல தண்ணில தத்தளிக்கிறாங்க. ஐகரஸ் கேப்டன் மாரிஸ் ஜெஸ்டர் என்ன பண்றார்னா அந்த இடத்த விட்டு நகர்ந்துட்டு நார்ஃபோக் கடற்படை தளத்துக்கு ரேடியோ போடுறார், இவங்கள தண்ணில இருந்து தூக்கி காப்பாத்தலாமான்னு. பதிலே இல்ல. இதுல அவர குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, நின்ன கப்பல அடிக்கிறது சுலபம், பக்கத்துல இன்னொரு சப்மரைன் இருந்தா இவரோட ஆளுங்க அத்தன பேரும் காலி. ஆனா விட்டுட்டும் போகல பாருங்க, மறுபடி தெற்கு கரோலினாவுல இருக்குற சார்ல்ஸ்டன் கடற்படை தளத்துக்கு கேக்குறார். கடைசியா ஆர்டர் வந்துச்சு, தூக்கி இங்க கொண்டு வாங்கன்னு.

திரும்பி வந்து, கொஞ்சம் முன்னாடி யார சுட்டாங்களோ அவங்களையே ஒவ்வொருத்தரா மேல இழுத்தாங்க. மொத்தம் 33 பேரு. ஜெர்மன் கேப்டன் ராட்கே, காயம்பட்டவங்கள முதல்ல எடுங்கன்னு கேட்டிருக்கார். ஒரு மாலுமிக்கு கால் போயிருச்சு, ராட்கேதான் தண்ணிலயே அத இறுக்கி கட்டி ரத்தத்த நிறுத்த பாத்தாரு.

மறுநாள் சார்ல்ஸ்டன்ல எறக்குனாங்க. கால் போன அந்த மாலுமி மட்டும் பொழைக்கல. தெற்கு கரோலினாவுல போஃபர்ட்னு ஒரு ஊரு, அங்க அமெரிக்க வீரர்கள பொதைக்கிற தேசிய கல்லறை இருக்கு, அதுலதான் அவரையும் அடக்கம் பண்ணாங்க.