பதினாறு லென்ஸும் ஒரு படமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பக்கத்தில் போன் இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு, மூன்று, சிலவற்றில் நான்கு லென்ஸ்கள் இருக்கும். ஒரு படம் எடுத்தால் அத்தனையும் சேர்ந்து வேலை செய்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான போன்களில் அப்படி இல்லை. அகலமான காட்சிக்கு ஒன்று, சாதாரணக் காட்சிக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று போன் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் தூரத்துப் பொருளை ஜூம் செய்துகொண்டு, தூரத்துக்கான டெலி லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். பல போன்களில் திரையில் ஒன்றுமே மறையாது. வெளிச்சம் போதவில்லை என்று போன் முன்பே பிரதான லென்ஸுக்கு மாறி, அந்தப் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருக்கும்.

இன்று நான் பேசப்போவது அந்த வகையைப் பற்றி அல்ல. பல லென்ஸ்களும், ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் பல சென்சார்களும் ஒரே கணத்தில் ஒரே காட்சியைப் பிடித்து, அத்தனை படங்களையும் இணைத்து ஒரே படமாகத் தரும் கேமராக்களைப் பற்றி. ஒளியியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் இது.

முதலில், எதற்காக இந்தப் பாடு? பெரிய லென்ஸ் ஒன்றை வைத்துவிட்டுப் போகலாமே?

கணக்கு இப்படிப் போகிறது. லென்ஸின் விட்டத்தைப் பத்து மடங்காக்கினால் அது வாங்கும் ஒளி நூறு மடங்காகும். ஆனால் அதே வடிவத்தில் செய்தால் கண்ணாடியின் எடை ஆயிரம் மடங்காகிவிடும். அதற்குப் பதிலாக நூறு சிறு லென்ஸ்களை வைத்தால் ஒளியும் நூறு மடங்கு, எடையும் நூறு மடங்கோடு நின்றுவிடும். பத்தில் ஒரு பங்கு கண்ணாடி போதும். அதோடு கேமராவின் தடிமனும் குறைகிறது. போனில் வரும் சிறு பிளாஸ்டிக் லென்ஸ்கள் அச்சில் வார்க்கப்பட்டுக் கோடிக்கணக்கில் வெளிவருகின்றன. விலையும் மலிவு.

பத்து சென்சார்கள் எடுத்த படங்களைக் கூட்டினால் காட்சியின் ஒளி பத்து மடங்காகும். புள்ளி புள்ளியாகத் தெரிகிற இரைச்சல் பத்தின் வர்க்கமூலம் அளவுக்குத்தான், அதாவது மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான், கூடும். ஆக, படத்தின் தெளிவு மூன்று மடங்கு மேம்படும். தாளில் எழுதிப் பார்த்தால் மறுக்கவே முடியாத வாதம்.

இந்த வாதத்தை நம்பி முழுமூச்சாக இறங்கிய நிறுவனம் அமெரிக்காவின் லைட். டேவ் கிரானன், ராஜீவ் லரோயா என்ற இருவர் தொடங்கியது. லரோயா இந்தியாவில் பிறந்தவர். அவர் முன்பு தொடங்கிய ஃப்ளாரியன் என்ற செல்பேசித் தொழில்நுட்ப நிறுவனத்தை குவால்காம் வாங்கியது. அப்புறம் ஒளிப்படத்தின் பக்கம் வந்தார். 2015-இல் எல்16 என்ற கேமராவை அறிவித்தார்கள். 2017-இல் அது வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

சற்றுத் தடிமனான போன் மாதிரி இருக்கும். முகப்பில் பதினாறு துளைகள், வரிசை தப்பிச் சிதறியது போல. அகலக் காட்சிக்கு 28 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இணையான கேமராக்கள் ஐந்து, சற்று நெருங்கிய காட்சிக்கு 70-க்கு இணையானவை ஐந்து, தூரத்துக்கு 150-க்கு இணையானவை ஆறு. ஒவ்வொன்றுக்கும் தனியாக 13 மெகாபிக்சல் சென்சார். பொத்தானை அழுத்தினால், எடுக்கும் காட்சியின் அகலத்தைப் பொறுத்து, பத்து கேமராக்கள் வரை ஒன்றாகப் படம் பிடிக்கும்.

இதில் என்னை அசத்தியது 70-உம் 150-உம் உட்கார்ந்திருக்கும் விதம். டெலி லென்ஸ் என்றால் நீளம் வேண்டும். மெல்லிய பெட்டியில் அந்த நீளத்துக்கு இடம் இல்லை. அதனால் லென்ஸைப் பெட்டிக்குள் படுக்கவைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து வரும் ஒளி, 45 டிகிரியில் சாய்ந்த ஒரு சிறு ஆடியில் பட்டுத் திரும்பி, பெட்டியின் அகலவாக்கில் ஓடி, சென்சாரில் விழும். அந்த ஆடிகள் அசையக்கூடியவை. அகலக் காட்சி ஒன்றை எடுக்கும்போது 28 மில்லிமீட்டர் கேமராக்கள் முழுக் காட்சியையும் பார்க்கும். 70 மில்லிமீட்டர் கேமராக்களின் ஆடிகள் சற்றே திரும்பி, அதே காட்சியின் வெவ்வேறு பகுதிகளைப் பங்கு போட்டுக்கொள்ளும். எல்லாவற்றையும் தைத்து முடித்தால் அதிகபட்சம் 52 மெகாபிக்சல் படம் ஒன்று கிடைக்கும்.

சரி, தைப்பது எப்படி? கஷ்டமெல்லாம் அங்கேதான்.

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவும். பின்னால் இருக்கும் சுவர் அவ்வளவாக நகராது. பள்ளிப் பாடத்தில் இடமாறு தோற்றம் என்று படித்தது இதைத்தான். இரண்டு லென்ஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இது நடந்தே தீரும்.

எவ்வளவு நகரும் என்று ஒரு எளிய கணக்கு போடலாம். 4 மில்லிமீட்டர் குவியத் தூரம் உள்ள இரண்டு லென்ஸ்கள், நடுவே 2 சென்டிமீட்டர் இடைவெளி, சென்சாரின் ஒரு பிக்சல் 1.1 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறவரின் முகம், இரண்டு படங்களிலும் சுமார் 73 பிக்சல் தள்ளித் தெரியும். பத்து மீட்டரில் இருக்கும் மரம் 7 பிக்சல் தள்ளித் தெரியும். நூறு மீட்டரில் இருக்கும் கட்டிடம் ஒரு பிக்சல்கூட நகராது. அப்படியானால், இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே வைத்துக் கூட்ட முடியாது. முகத்துக்குச் சரியாக வைத்தால் மரம் இரண்டாகும். மரத்துக்குச் சரியாக வைத்தால் முகம் இரண்டாகும். ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தூரத்தில் உள்ள பொருளைக் காட்டுகிறது என்று கண்டுபிடித்த பிறகே கூட்ட முடியும். அழகான படம் ஒன்று வேண்டும் என்று தொடங்கிய வேலை, காட்சி முழுவதற்கும் தூர வரைபடம் போடுகிற வேலையாக மாறிவிடுகிறது.

அந்தத் தூர வரைபடம் சரியாக வர, கேமராக்கள் எங்கே இருக்கின்றன, எந்தத் திசையைப் பார்க்கின்றன என்பது துல்லியமாகத் தெரியவேண்டும். ஆடி ஒன்று 0.01 டிகிரி திரும்பிவிட்டது என்று வையுங்கள். ஆடி திரும்பினால் ஒளிக்கதிர் அதைப்போல் இரண்டு மடங்கு திரும்பும். உள்ளே இருக்கும் டெலி லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 20 மில்லிமீட்டர் என்றால், சென்சாரில் படம் 7 மைக்ரான் நகர்ந்துவிடும். ஆறு பிக்சல்! பத்து மீட்டரில் இருக்கிற மரத்தின் தூரத்தையே தவறாகச் சொல்ல அது போதும். கேமராவைக் கீழே போடக்கூட வேண்டாம். பிளாஸ்டிக் சூட்டில் விரியும், சென்சாரே வேலை செய்யும்போது சூடாகும்.

எங்கள் ஆய்வகத்தில் இரண்டு சிறு கேமராக்களை ஒரு அலுமினியத் தகட்டில் திருகி வைத்திருக்கிறோம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, காலையில் மாணவர்கள் அவற்றின் நிலையை அளந்துகொள்வார்கள். மதியம் அதே அட்டையை வைத்தால் கட்டத்தின் மூலைகள் காலையில் இருந்த இடத்தில் இருக்காது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, எண்களில் மட்டும் தெரியும். தொழிற்சாலையில் ஒருமுறை அளந்து அனுப்பிவிட்டால் போதாது, எடுக்கும் ஒவ்வொரு படத்திலிருந்தும் கேமரா தன்னைத் தானே மறுபடி அளந்துகொள்ள வேண்டும் என்று நான் சொன்னால் அவர்கள் முதலில் நம்பமாட்டார்கள். அந்த மூலைகளைப் பார்த்த பிறகு நம்புவார்கள்.

அதையும் செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். ஓரங்கள் மிச்சம் இருக்கின்றன. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். இடப்பக்க லென்ஸுக்குத் தெரிகிற காதோரம் வலப்பக்க லென்ஸுக்குக் கம்பியில் மறைந்துவிடும். அந்த இடத்தில் கூட்டுவதற்கு இரண்டாவது படமே இல்லை. தலைமுடி இன்னும் மோசம். ஒரு முடி ஒரு பிக்சல் அகலம்கூட இருக்காது. அந்தப் பிக்சலில் பாதி முடி, பாதி பின்சுவர். எந்தத் தூரத்தை எழுதுவது? கண்ணாடிக் கதவில் உள்ளே இருக்கும் ஆளும் தெரிவார், வெளியே நிற்கும் காரின் பிம்பமும் தெரியும். ஒரே பிக்சலுக்கு இரண்டு தூரம். மென்பொருள் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தவறினால் முடியோரம் மெழுகு பூசியதுபோல் ஆகும், கம்பி ஒரு இடத்தில் அறுந்து அடுத்த அங்குலத்தில் தொடரும்.

எல்16 தடுமாறியது இந்த இடத்தில்தான். நல்ல வெளிச்சத்தில், தூரத்து மலைக்காட்சியில் அதன் படங்கள் உண்மையிலேயே பிரமாதம். வீட்டுக்குள், அரைகுறை வெளிச்சத்தில், ஓரங்கள் சொதப்பின. ஏறக்குறைய 2,000 டாலர் கொடுத்து வாங்கியவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஒளியியல் கணக்கில் பிழையில்லை. தைக்கிற வேலை எவ்வளவு பெரிது என்பதைத்தான் குறைத்து எடைபோட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

இடமாறு தோற்றமே இல்லாத காட்சி ஒன்று கிடைத்தால்? அப்படி ஒன்று இருக்கிறது, வானம். பீட்டர் வான் டோக்கம், ராபர்ட்டோ ஆபிரகாம் என்ற இரண்டு வானியலாளர்கள் டிராகன்ஃப்ளை என்ற தொலைநோக்கியை நியூ மெக்சிகோவில் அமைத்தார்கள். சிறப்பாகச் செய்யப்பட்ட பெரிய ஆடி எதுவும் கிடையாது. விளையாட்டுப் போட்டிகளில் ஒளிப்படக்காரர்கள் தூக்கிக்கொண்டு திரிகிற 400 மில்லிமீட்டர் கேனன் லென்ஸ்களை வாங்கிக் கொத்தாகக் கட்டினார்கள். சிலவற்றில் தொடங்கி 48 வரை போனார்கள். ஒரு லென்ஸின் துளை 14 சென்டிமீட்டர் சொச்சம். 48-உம் சேர்ந்தால் ஒரு மீட்டர் விட்டமுள்ள ஒரே லென்ஸுக்குச் சமம்.

தூரத்து விண்மீனுக்கு முன்னால் சில மீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. எல்லாப் படமும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே உட்காரும். அதோடு, லென்ஸுக்குள் சிதறும் கள்ள வெளிச்சம் மிக மங்கலான பொருள்களை மூடிவிடும் அல்லவா? இந்த லென்ஸ்களின் மேற்பூச்சு அதை நன்றாகவே அடக்குகிறது. மிஞ்சியதும் லென்ஸுக்கு லென்ஸ் வேறுபடுவதால், கூட்டிப் பார்க்கும்போது எது வானத்தில் இருப்பது, எது லென்ஸில் வந்தது என்று பிரித்துவிடலாம். 2015-இல், கோமா என்ற விண்மீன் மண்டலக் கொத்துக்குள் அதுவரை யாரும் கவனிக்காத 47 மங்கலான விண்மீன் மண்டலங்களை இந்தக் குழு அறிவித்தது. பல லென்ஸ் என்ற யோசனை இவ்வளவு சுத்தமாக ஜெயித்த இடம் வேறு எனக்குத் தெரியாது.

இடமாறு தோற்றத்தையே வேலை வாங்கியவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பென்னட் வில்பர்ன், மார்க் லெவாய் முதலியோர் நூறு சாதாரண வீடியோ கேமராக்களை வரிசையாக நிறுத்தினார்கள். 2005-இல் வெளியான வேலை அது. புதருக்குப் பின்னால் நிற்கும் ஒருவரின் தூரத்துக்குச் சரியாக நூறு படங்களையும் நகர்த்திக் கூட்டினால், ஆள் கூர்மையாகத் தெரிவார். முன்னால் உள்ள இலைகள் நூறு இடங்களில் விழுந்து, புகைபோல் கரைந்துவிடும். இலைகளுக்கு ஊடாகப் பார்க்கலாம்.

அதே லெவாய் பிறகு கூகுளில் பிக்சல் போன்களின் கேமரா மென்பொருளுக்குத் தலைமை தாங்கினார். அங்கே அவர் குழு எடுத்த வழி வேறு. பின்பக்கம் ஒரே லென்ஸ்தான். அது அடுத்தடுத்து எடுக்கும் பல படங்களைக் கூட்டிவிடுவார்கள். லென்ஸ் ஒன்று என்பதால் ஆடியும் இல்லை, இடைவெளியும் இல்லை. கை நடுக்கத்தையும் ஓடுகிற குழந்தையையும் சமாளித்தால் போதும். 2017-இல், எல்16 வந்த அதே ஆண்டில், பிக்சல் 2 வந்தது. சாதாரண மக்கள் எடுக்கும் படங்களைப் பொறுத்தவரை போட்டி அங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்வேன்.

லைட் நிறுவனம் அதற்குப் பிறகும் நோக்கியா 9 பியூர்வியூ என்ற போனுக்குக் கைகொடுத்தது. 2019-இல் வந்தது. ஐந்து கேமராக்கள், அவற்றில் மூன்று கறுப்பு வெள்ளை. வண்ண வடிகட்டி இல்லாத சென்சாருக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு ஒளி கிடைக்கும் என்பதால் அது நல்ல முடிவுதான். ஆனாலும் போன் சந்தையில் நிலைக்கவில்லை. பிறகு அந்த நிறுவனம் ஒளிப்படத்தை விட்டுவிட்டு, வாகனங்களுக்கான தூரம் அளக்கும் கேமராக்களின் பக்கம் போனது. படத்தைத் தைப்பதற்காகக் கண்டுபிடித்த தூர வரைபடமே விற்பனைப் பொருளாயிற்று. 2022-இல் டிராக்டர் செய்யும் ஜான் டீர் நிறுவனம் அவர்களுடைய காப்புரிமைகளை வாங்கிக்கொண்டது. வயலில் தானாக ஓடும் டிராக்டருக்கு, முன்னால் இருப்பது எவ்வளவு தூரத்தில் என்று தெரிந்தாக வேண்டும். அழகான படம் அதற்குத் தேவையில்லை.

இன்று இப்படி ஒரு கேமராவை வடிவமைக்க வருகிற மாணவர்களிடம், லென்ஸை எண்ணுவதில் தொடங்காதீர்கள் என்று சொல்கிறேன். இணைக்கும் முறையை முதலில் எழுதுங்கள். எந்தப் பிக்சலின் தூரம் நிச்சயமாகத் தெரியும், எது தெரியாது என்று மென்பொருள் பிரித்துச் சொல்லட்டும். தெரிந்த இடத்தில் பத்துப் படங்களையும் கூட்டலாம். தெரியாத இடத்தில் ஒரே லென்ஸின் படத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் கொஞ்சம் இரைச்சல் தெரியும், பரவாயில்லை. பாட்டியின் நெற்றியோரம் இல்லாத முடியை வரைந்து வைப்பதற்கு அது எவ்வளவோ மேல். லென்ஸ்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, எத்தனை சென்சார், அவற்றில் எத்தனை கறுப்பு வெள்ளை என்பதையெல்லாம் அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். எங்கள் மாணவர்கள் இப்போது மூன்று லென்ஸில் அப்படி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். வண்ணம் ஒன்று, கறுப்பு வெள்ளை இரண்டு. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒருவரை நிற்கவைத்துத்தான் அதைச் சோதிக்கிறோம்.

நன்றி, வணக்கம்.