ட்ரைசூட் சீலுக்கு எதைப் பூசலாம், எதைப் பூசவே கூடாது

[காட்சி: மேசைமேல் மூன்று மணிக்கட்டு சீல்கள். ஒரு கை ஒவ்வொன்றாக எடுத்து இழுத்துக் காட்டுகிறது.]

வணக்கம். ட்ரைசூட் என்பது டைவ் செய்பவர்கள் தண்ணீருக்குள் உடல் நனையாமல் இருக்கப் போடுகிற உடை. அதில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதியைக் கழுத்திலும் மணிக்கட்டுகளிலும் தோலோடு இறுகிப் படிகிற பட்டைகளான சீல்கள்தான் செய்கின்றன. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக உடல் வெப்பத்தைக் கடத்தும். அதனால் ஒரு சீல் கிழிந்து உள்ளே போட்டிருக்கிற கதகதப்பான உடை நனைந்தால் அந்த டைவ் அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சீல்கள் தண்ணீருக்குள் கிழிவது குறைவு. கரையில்தான் கிழிகின்றன. அவசரமாகப் போடும்போது, களைத்துப்போய்க் கழற்றும்போது, நகம் குத்தி, கடிகாரம் மாட்டி. பவுடரோ சோப்புத் தண்ணீரோ பூசுவது இழுக்கிற பலத்தைக் குறைப்பதற்காகத்தான். பூசினால் கசிவு நிற்கும் என்று சிலர் நம்புகிறார்கள். நிற்காது.

எதைப் பூசுவது? அதற்கு முதலில் உங்கள் சீல் எந்தப் பொருள் என்று தெரிய வேண்டும்.

[காட்சி: மெல்லிய கறுப்பு லேடெக்ஸ் சீல், அருகில் வாசனையில்லாத டால்கம் பவுடர்.]

மெல்லியதாக, ரப்பர் கையுறைபோல இழுபட்டால் அது லேடெக்ஸ். இதற்கு வாசனை சேர்க்காத டால்கம் பவுடர் போதும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் விரலால் மெல்லத் தடவிவிடுங்கள். வாசனைப் பவுடர் வேண்டாம், அதில் சேர்த்திருக்கும் எண்ணெய்கள் லேடெக்ஸைக் கெடுக்கும். அப்புறம், பவுடரைப் புகைபோலப் பறக்கவிடாதீர்கள். டால்க் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024-இல் வகைப்படுத்தியது. கையில் கொஞ்சம் கொட்டித் தேய்த்தாலே வேலை நடந்துவிடும்.

பெட்ரோலியம் ஜெல்லி, தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், கிரீஸ் எதுவும் லேடெக்ஸ் பக்கமே வரக்கூடாது. எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை உப்ப வைக்கும், பிசுபிசுக்க வைக்கும், கடைசியில் இழுத்த இடத்தில் பிய்ந்துவரும். இதில் பலர் கவனிக்காதது சன்ஸ்கிரீன். காலையில் கழுத்தில் பூசிக்கொண்டு, அதே கழுத்தில் சீலை மாட்டுகிறோம். கொசு விரட்டும் கிரீமும் அப்படித்தான். சூட் போடுவதற்கு முன் கையையும் கழுத்தையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். உங்கள் சீலின் ஆயுளைக் கூட்ட இதைவிட எளிய வழி கிடையாது.

சிலிக்கோன் ஸ்ப்ரே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடித்ததும் சீல் அழகாக வழுக்கும், உடனே எந்தக் கெடுதலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ட்ரைசூட்டோடு சீல் சேருகிற இடத்தில் சிலிக்கோன் படிந்துவிட்டால், பிறகு புதுச் சீல் ஒட்டும்போது பசை பிடிக்காது. அதைச் சுத்தமாக எடுப்பதும் பெரும்பாடு. ஒட்டிய சீல் உள்ள சூட்டுக்கு அந்த ஸ்ப்ரேயை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

[காட்சி: தடித்த நியோப்ரீன் கழுத்து சீல். விரல்கள் விளிம்பை உள்பக்கமாக மடிக்கின்றன.]

தடிமனாக, நுரைபோல இருந்தால் நியோப்ரீன். இதற்குத் தண்ணீரில் நன்றாகக் கரைத்த பேபி ஷாம்பு அல்லது தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் (வழுக்க வைக்கிற திரவம்) ஏற்றது. நியோப்ரீன் கழுத்து சீலைப் போட்ட பிறகு உள்பக்கமாக மடித்துவிட வேண்டும். வழவழப்பான பக்கம் தோலைத் தொடும், சூட்டுக்குள் இருக்கிற காற்று அந்த மடிப்பைக் கழுத்தோடு சேர்த்து அழுத்தும். மடிக்க மறந்தால் எவ்வளவு நல்ல சீலும் காற்றை வெளியே விடும்.

மூன்றாவது சிலிக்கோன். மிகவும் மிருதுவாக இழுபடும், பல நேரங்களில் வண்ணத்திலும் வரும். பெரும்பாலும் எதுவும் பூச வேண்டாம், தேவைப்பட்டால் சோப்புத் தண்ணீர். சிலிக்கோன் கிரீஸ் மட்டும் வேண்டாம், ஒரே இனம் என்பதால் உள்ளே ஊறிவிடும். லேடெக்ஸ் அலர்ஜி உள்ளவர்களுக்கு இது நல்ல மாற்று. பசைக்குப் பதில் வளையத்தில் மாட்டுவதால் டைவ் செய்கிற இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், அங்கிருந்தே நீளமாகக் கிழிந்துகொண்டு போகும்.

[காட்சி: கை மெதுவாகச் சீலுக்குள் நுழைகிறது. அண்மைக் காட்சி.]

சரி, இப்போது போடும் முறை. மோதிரம், கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். நகம் வெட்டியிருக்கட்டும். ஐந்து விரல்களையும் குவித்துக் கூம்பாக்கி உள்ளே விடுங்கள். மறுகையின் விரல்களைத் தட்டையாக வைத்துச் சீலை மேலே நகர்த்துங்கள். விளிம்பைக் கிள்ளி இழுக்கக் கூடாது. கழுத்துக்கு இரண்டு கை விரல்களையும் உள்ளே தட்டையாக வைத்து, அகலமாக விரித்துத் தலையை நுழையுங்கள்.

கழற்றும்போது இன்னும் நிதானம் தேவை, ஏனென்றால் கை குளிரில் விறைத்திருக்கும். மணிக்கட்டு சீலுக்கு அடியில் இரண்டு விரலைத் தட்டையாகச் செலுத்தி, சீலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையை உருவுங்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டால் இன்னும் எளிது.

மணிக்கட்டு நனைந்தால் உடனே சீலைக் குறை சொல்லாதீர்கள். கையை இறுக்கி மூடும்போது மணிக்கட்டில் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கிற நார்கள்) புடைக்கும், நடுவில் பள்ளம் விழும், அதன் வழியாகத் தண்ணீர் போகும். சீலை மணிக்கட்டு எலும்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாகத் தள்ளி வைத்துப் பாருங்கள். கழுத்தில் கசிந்தால், சீலுக்கு அடியில் முடியோ ஹூட்டின் (தலையுறையின்) ஓரமோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கழுத்து இறுக்கம் விளையாட்டல்ல. அங்குள்ள பெரிய ரத்தக்குழாய்கள் அழுத்தப்பட்டால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். தலை சுற்றினால் தாமதிக்காமல் சீலை விரித்துப் பிடித்துக் கழற்றுங்கள். புது நியோப்ரீன் சீலை ஒரு சிலிண்டரில் மாட்டி வைத்து இளக்கலாம். லேடெக்ஸ் அப்படி இளகாது, வெட்டத்தான் வேண்டும். கூரான கத்தரியால் ஒரு நேரத்தில் ஒரு வளையம் மட்டும் வெட்டிப் போட்டுப் பாருங்கள். விளிம்பில் பிசிறு இருந்தால் கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

[காட்சி: நிழலில் உலரும் சூட். பிறகு சீலில் பவுடர் தடவும் கை.]

டைவ் முடிந்ததும் சீலின் இரண்டு பக்கத்தையும் மென்மையான சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். உப்பைவிட வியர்வையும் தோலின் எண்ணெயும்தான் லேடெக்ஸுக்குப் பகை. நிழலில் உலர்த்தி, முழுக்கக் காய்ந்ததும் பவுடர் தடவுங்கள்.

வைக்கிற இடமும் முக்கியம். மேசை இழுப்பறையில் கிடந்த பழைய ரப்பர் பேண்ட் எப்படி வெடித்து உதிர்கிறதோ அதேதான் இங்கேயும் நடக்கும். வெயிலும் ஓசோனும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன, இழுபட்டோ மடங்கியோ இருக்கிற இடத்தில் முதலில். பொறி பறக்கிற மின்மோட்டார்கள் ஓசோனை உண்டாக்கும் என்பதால் மோட்டார் ஓடுகிற அறையில் சூட்டைத் தொங்கவிடாதீர்கள். சீல் மடங்காமல், இருட்டான, குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும். ஜிப்புக்கு மெழுகு போடும்போது அது சீலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு டைவ் பயணத்துக்கும் சில நாட்கள் முன்பே சீலை விரலால் இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய வெடிப்புக் கோடுகள், பிசுபிசுப்பு, விளிம்பில் வெட்டு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் புதிது மாற்றும் நேரம் வந்துவிட்டது. பசை போட்டு ஒட்டுகிற சீல் என்றால் பசை காய்வதற்கும் அவகாசம் வேண்டும், அதனால் புறப்படுகிற முந்தின இரவுவரை தள்ளிப்போடாதீர்கள்.