ஞாயிறு ஆராதனையைக் கான்ஸ்டன்டைன்தான் கொண்டுவந்தாரா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

"ஓய்வுநாள் சனிக்கிழமைதானே ஐயா, கான்ஸ்டன்டைன் ராஜாதானே ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தினாரு?"ன்னு ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. நல்ல கேள்வி. பத்துக் கட்டளை தொடர்ல இந்த இடத்தை வேகமா கடந்துட்டோம், அதுல இருந்தே மனசை அரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குப் போட்ட சட்டம் வந்தது கி.பி. 321 மார்ச் 7. அதுல என்ன இருக்கு? நீதிபதிகளும் நகரத்து ஜனங்களும் ஓய்ந்திருக்கணும், பட்டறைகளை மூடணும். விவசாயிக்கு மட்டும் விலக்கு. விதைக்க, திராட்சை நட ஏத்த நாள் கைதவறிப் போயிடக்கூடாதுன்னு காரணமும் சொல்லியிருக்கு. அதே வருஷம் ஜூலையில, அடிமைகளை விடுதலை பண்ற பத்திரம் ஞாயிற்றுக்கிழமையும் எழுதலாம்னு இன்னொரு சட்டம். ரெண்டுலயும் சபை கூடுறதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. நான் எப்பவும் சொல்றதுதான்: கூடுறது வேற, ஓய்வு வேற. கான்ஸ்டன்டைன் கொடுத்தது லீவு.

கூடுறது அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. அப்போஸ்தலர் 20:7 பாருங்க. துரோவாவுல வாரத்தின் முதல் நாள், அப்பம் பிட்கக் கூடியிருக்காங்க. பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசுறாரு, ஐத்திகுன்னு ஒரு வாலிபன் தூங்கி மூணாம் மாடியில இருந்து விழுறான். ஏன் ராத்திரி? பகல்ல எல்லாருக்கும் வேலை இருந்திருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். கூடுறது வேற, ஓய்வு வேற.

அதனால, யார் மாத்தினாங்கன்னு கேக்கிறதைவிட, அந்த நாள்ல என்ன செஞ்சாங்கன்னு கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷம். ரோமாபுரியில இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் மார்ட்டர், கி.பி. 150களில் பேரரசருக்கு எழுதின விண்ணப்பத்துல அப்படியே விவரிக்கிறாரு. நகரத்துல இருக்கிறவங்களும் கிராமத்துல இருக்கிறவங்களும் ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்துல கூடுவாங்க. அப்போஸ்தலர் எழுதினதையோ தீர்க்கதரிசிகள் எழுதினதையோ நேரம் இருக்கிற வரைக்கும் வாசிப்பாங்க. அப்புறம் சபைத் தலைவர் புத்தி சொல்லுவாரு. எல்லாரும் எழுந்து நின்னு ஜெபிப்பாங்க. அப்பம், திராட்சரசம், தண்ணி கொண்டுவருவாங்க. தலைவர் ஸ்தோத்திரம் பண்ணுவாரு, ஜனங்க ஆமென் சொல்லுவாங்க. வர முடியாதவங்களுக்கு அவங்க பங்கை உதவிக்காரர் கொண்டுபோய்க் கொடுப்பாங்க.

காணிக்கை கட்டாயம் இல்ல. வசதியும் மனசும் உள்ளவங்க கொடுப்பாங்க. அது தலைவர்கிட்ட இருக்கும். அனாதைங்க, விதவைங்க, நோயாளிங்க, ஜெயில்ல இருக்கிறவங்க, வெளியூர்ல இருந்து வந்து தங்குறவங்க, இவங்களுக்கெல்லாம் அதுல இருந்துதான் உதவி போகும்.

இதெல்லாம் ஜஸ்டினோட அந்த விண்ணப்பத்துல (First Apology) 67ஆம் அதிகாரம், சின்னதுதான். வாசிச்சுப் பாருங்க, சந்தேகம் இருந்தா கீழே எழுதுங்க.