யூடியூப் பார்த்து பியானோ கிரேடு தேர்வுக்குப் பழகலாமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா அனுப்பியது. அதில் வருகிற ஏபிஆர்எஸ்எம் என்பது பிரிட்டனைச் சேர்ந்த ஒரு இசைத் தேர்வு அமைப்பு, பீஸ் என்றால் தேர்வில் வாசிக்க வேண்டிய இசைத்துண்டு. அப்படியே வாசித்துவிடுகிறேன். "மேடம், என் மகள் ஏபிஆர்எஸ்எம் மூன்றாவது கிரேடு பியானோ தேர்வுக்குத் தயாராகிறாள். வாரத்தில் ஒரு நாள்தான் கிளாஸ். மற்ற நாட்களில் தேர்வு பீஸை யாராவது வாசித்திருக்கிற வீடியோவைப் போட்டுப் போட்டுத்தான் பழகுகிறாள். டீச்சர் வீடியோவே பார்க்கக் கூடாது என்கிறார். இவளோ வீடியோ இல்லாமல் பியானோ முன்னால் உட்காரவே மாட்டேன் என்கிறாள். தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நான் என்ன செய்ய?"

உங்கள் டீச்சர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் வீடியோவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊரில் கேள்வி ஞானம் என்று ஒரு சொல் இருக்கிறதே, கேட்டுக் கேட்டே காது தேறுவது, அது பெரிய சொத்து. கச்சேரி கேட்காமல் யாராவது பாட்டு கற்றுக்கொள்ள முடியுமா? பியானோவுக்கும் அப்படித்தான். ஒரு நல்ல பியானிஸ்ட் நேரில் வாசித்துக் கேட்கிற வாய்ப்பு நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? வீடியோவும் இல்லையென்றால் பல பிள்ளைகள் தங்கள் டீச்சர் வாசிப்பதைத் தவிர வேறு எதையுமே கேட்காமல் கிரேடு கிரேடாக ஏறிக்கொண்டிருப்பார்கள். அதனால் கேட்கட்டும். எப்போது கேட்கிறாள், எதைக் கேட்கிறாள், புத்தகம் எங்கே இருக்கிறது, இந்த மூன்றை மட்டும் நாம் சரிசெய்ய வேண்டும்.

முதலில் மதிப்பெண் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. ஏபிஆர்எஸ்எம் நேரடித் தேர்வில் மொத்தம் 150. மூன்று பீஸ், ஒவ்வொன்றுக்கும் 30, ஆக 90. ஸ்கேல், ஆர்ப்பெஜியோ என்கிற ஸ்வர வரிசைப் பயிற்சிகளுக்கு 21, சைட் ரீடிங்குக்கு 21, காதால் கேட்டுப் பதில் சொல்கிற ஆரல் டெஸ்டுக்கு 18. பாஸ் 100, மெரிட் 120, டிஸ்டிங்ஷன் 130. வீடியோவைப் பார்த்துப் பழகினால் அந்த 90 மார்க் பகுதிக்கு உதவும், கொஞ்சம் ஆரலுக்கும் உதவும். சைட் ரீடிங்குக்கு? அதுவரை பார்த்தே இராத ஒரு சின்ன பீஸைக் கொடுத்து, அரை நிமிடம் பார்க்க விட்டு, வாசி என்பார்கள். அதற்கு எந்த வீடியோவும் கிடையாது. பீஸ் எல்லாவற்றையும் விரல் போகிற இடத்தைப் பார்த்தே கற்றுக்கொண்ட குழந்தை அந்த இடத்தில் வந்து திணறுகிறது. உங்கள் டீச்சருக்கு இந்தப் பயம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நியாயமான பயம்.

இதில் மோசமானது எது என்றால், நிறக் கட்டைகள் மேலிருந்து கீழே கீபோர்டின் மேல் விழுகிற மாதிரி வருமே, அந்த வகை வீடியோ. ஒரு சினிமாப் பாட்டை ஆசைக்கு வாசித்துப் பார்க்க அது போதும், நான் அதைக் குறை சொல்லவில்லை. தேர்வு பீஸுக்கு மட்டும் தயவுசெய்து வேண்டாம். அதில் எந்தக் கட்டை, எப்போது என்பது மட்டும்தான் தெரியும். எந்த விரல், எங்கே சத்தம் குறைய வேண்டும், எங்கே விரலை எடுக்க வேண்டும், எங்கே சேர்த்து வாசிக்க வேண்டும், எதுவும் தெரியாது. மார்க் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. டிரினிட்டி என்கிற இன்னொரு அமைப்பின் தேர்வில் ஒரு பீஸுக்கு 22 மார்க், அதில் நோட்டை, அதாவது ஸ்வரத்தை, சரியாக, தடங்கல் இல்லாமல் வாசிப்பதற்கு 7 மார்க்தான், மீதி 15 மார்க் விரல் நுட்பத்துக்கும் இசையை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதற்கும்தான்.

என்னிடம் படித்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஜி மேஜர் மினுவெட், பியானோ தொட்ட எல்லாருக்கும் தெரிந்த பீஸ். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதியது என்றே இன்னமும் பல வீடியோக்களில் போட்டிருப்பார்கள். உண்மையில் எழுதியவர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட், பாக் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் அது இருந்ததால் பெயர் மாறிப்போனது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கிளாஸில் ஆரம்பிப்பதற்கு முன்பே இந்தப் பையன் வீட்டில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வந்துவிட்டான். அவ்வளவு ஆசையாக வாசித்துக் காட்டினான். வலது கை அருமை. இடது கையில் முதல் பாரில், அதாவது முதல் தாளக் கட்டத்தில், ஜி, பி, டி என்ற மூன்று நோட்டையும் சேர்த்து இரண்டு எண்ணிக்கைக்குப் பிடித்து, மூன்றாவது எண்ணிக்கையில் ஏ வர வேண்டும். அவன் ஜியை மட்டும் மூன்று எண்ணிக்கைக்கும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஏன் என்று பார்த்தால், அவன் பார்த்தது எளிதாக்கிய வடிவம். தலைப்பிலேயே 'ஈஸி' என்று இருந்திருக்கிறது, குழந்தை அதைக் கவனிக்கவில்லை. அந்த ஒரு பாரைத் திருத்த எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. புதிதாகக் கற்றுக்கொடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. விரலுக்கு ஒரு பழக்கம் ஏறிவிட்டால் மூளை சொன்னாலும் அது கேட்காது. மெதுவாக வாசித்தால் சரியாக வரும், கொஞ்சம் வேகமெடுத்ததும் பழையபடி ஜி.

அதனால் நான் இப்போது வைத்திருக்கிற ஒரே கண்டிப்பான விதி இதுதான். ஒரு பீஸை முதலில் புத்தகத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு கையும் சேர்ந்து, எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் சரி, முட்டி மோதியாவது கடைசி வரைக்கும் ஒரு தரம் வந்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் வீடியோ. அதுவும் கை மடியில், புத்தகம் எதிரில், பென்சில் கையில். வீடியோ ஓடும்போது கூடவே வாசிக்கக் கூடாது, கண் புத்தகத்தில் பாரைத் தொடர்ந்து போக வேண்டும். இங்கே இவர் சத்தத்தைக் குறைக்கிறார், புத்தகத்தில் குறைக்கச் சொல்லியிருக்கிறதா? இருக்கிறதென்றால் வட்டம் போடு. இல்லையென்றால் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்து சனிக்கிழமை டீச்சரிடம் கேள். இப்படிப் பார்த்தால் அந்த வீடியோவே நோட்டேஷன் படிக்கிற பயிற்சியாகிவிடும். உங்கள் டீச்சரும் மறுக்க மாட்டார்.

அடுத்து ஒரு முக்கியமான விஷயம், ரிப்பீட், ஒரு பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்கிற குறி. இதில் எத்தனை பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள் தெரியுமா? ஏபிஆர்எஸ்எம் விதிப்படி, சிலபஸில் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய ரிப்பீட் வாசிக்கக் கூடாது. டா காப்போ (தொடக்கத்துக்குத் திரும்பு), டால் செக்னோ (குறியிட்ட இடத்துக்குத் திரும்பு) இருந்தால் அதை மட்டும் வாசிக்க வேண்டும். ஆனால் வீடியோவில் வாசிப்பவர் தேர்வுக்காக வாசிக்கவில்லை, முழு பீஸையும் எல்லா ரிப்பீட்டோடும் வாசிப்பார். புர்க்முல்லர் என்ற இசையமைப்பாளரின் அரபெஸ்க் என்ற பீஸையே எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய ஓபஸ் 100 தொகுப்பில் இரண்டாவது. அதில் இரண்டு ரிப்பீட், முதல் தரத்துக்கு ஒரு முடிவு, திரும்ப வாசிக்கும்போது வேறொரு முடிவு என்று இரண்டு முடிவுகளோடு வரும். வீடியோவைப் பார்த்தே பழகிய குழந்தைக்கு முதல் முடிவுக்குப் பிறகு திரும்பிப் போவதுதான் காதில் ஊறியிருக்கும். தேர்வு அறையில் நேராக இரண்டாவது முடிவுக்குத் தாவ வேண்டிய இடத்தில் ஒரு நொடி தடுமாறும். அந்த ஒரு நொடி போதும், பதற்றம் ஏறிவிடும். முதல் நாளே புத்தகத்தில் முதல் முடிவைப் பென்சிலால் அடித்துவிடுங்கள்.

அரபெஸ்க் என்றதும் வேகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல பதிப்புகளில் மெட்ரோனோம் 152, அதாவது நிமிடத்துக்கு 152 எண்ணிக்கை, என்று அச்சிட்டிருக்கும். வீடியோவில் ஏழு வயதுக் குழந்தை அதைவிட வேகமாக வாசித்துத் தள்ளும், பார்க்கிற நம் பிள்ளைக்கு மனசு சோர்ந்துபோகும். அந்த பீஸின் தொடக்கம், வலது கையில் ஏ பி சி பி ஏ என்று ஓடி வருமே, அது ஒரே நிலையில் இருக்கிற ஐந்து விரல் வேலை, யாருக்கும் வேகமாக வந்துவிடும். நடுப்பகுதியில் அதே ஓட்டம் இடது கைக்கு மாறுகிறது. அங்கேதான் எல்லாருக்கும் வேகம் இறங்குகிறது. ஆரம்பத்தில் 150, நடுவில் 110 என்று வாசித்தால் கேட்கிறவருக்கு உடனே தெரியும். அதனால் இடது கைப் பகுதி எந்த வேகத்தில் சுத்தமாக வருகிறதோ அதுதான் முழு பீஸுக்கும் உங்கள் வேகம். 120-ல் சீராக, துள்ளலோடு வாசிப்பது 152-ல் தடுக்கி விழுவதைவிட எவ்வளவோ மேல். யூடியூபில் வேகத்தை 0.75 என்று வைத்துக் கேட்கலாம், சுருதி மாறாது. 152-ல் வாசித்திருந்தால் அது 114 ஆகும், பழகுகிற வயதுக்குக் கச்சிதமான வேகம். ஆனால் மெதுவாக்கிய பதிவில் நோட்டின் ஒலி இழுபட்டுக் கேட்கும், அதைக் கேட்டு ஸ்டக்காட்டோ, அதாவது வெட்டி வாசிக்கிற நோட்டு, எவ்வளவு குட்டை, பெடல் எவ்வளவு நீளம் என்று முடிவு பண்ணிவிடாதீர்கள். அதற்கு உண்மையான வேகத்தில்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, ஒரே வீடியோவைப் பிடித்துக்கொள்ள விடாதீர்கள். குறைந்தது மூன்று பேர் வாசித்ததைக் கேட்கட்டும். ஒருவரையே ஐம்பது தரம் கேட்டால் அவர் செய்கிற தப்பும் அவருடைய தனி விருப்பமும் பீஸின் பகுதி மாதிரி பதிந்துவிடும். மூன்று பேரைக் கேட்டால் எது எல்லாருக்கும் பொது, எது அவரவர் ரசனை என்று குழந்தைக்கே பிடிபடும். பாக்கின் இன்வென்ஷன்கள் என்கிற சின்ன பீஸ்களை க்ளென் கூல்ட் என்ற பியானிஸ்ட் வாசிப்பதற்கும் ஆண்ட்ராஷ் ஷிஃப் என்ற பியானிஸ்ட் வாசிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! ஒரே நோட்டுகள்தான். முதல் இன்வென்ஷனில் நோட்டே கூட மாறும், பாக் மும்மூன்றாக ஓடுகிற மாதிரி அதற்கு இன்னொரு வடிவமும் கொடுத்திருக்கிறார், யாராவது அதை வாசித்திருந்தால் உங்கள் புத்தகத்தோடு ஒத்தே போகாது. அப்படி வரும்போதெல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான் கணக்கு. ஃபிங்கரிங் மட்டும் விதிவிலக்கு. அச்சிட்ட விரல் எண்ணைத்தான் போட வேண்டும் என்று தேர்வில் கட்டாயம் இல்லை, ஆனால் வீடியோவில் இருப்பவரின் கை பெரிய கை, உங்கள் மகளின் கை சின்ன கை. அதை முடிவுசெய்ய வேண்டியது அவள் கையை நேரில் பார்க்கிற டீச்சர்.

இப்போது நான் உண்மையிலேயே வற்புறுத்துகிற வீடியோவுக்கு வருகிறேன். உங்கள் மகளுடைய வீடியோ. வாரத்தில் ஒரு நாள், கிளாஸுக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளுங்கள், போனைப் பக்கவாட்டில் நாலைந்து அடி தள்ளி, கையும் முகமும் தெரிகிற மாதிரி நிறுத்திவைத்து மூன்று பீஸையும் நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், வெயில்தான், பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் மெதுவாக வாசிக்கிற இடமெல்லாம் ஃபேன் சத்தம்தான் கேட்கும். உடனே போட்டுப் பார்க்க வேண்டாம். மறுநாள் காலையில், புத்தகத்தை வைத்துக்கொண்டு, வேறு யாரோ வாசித்தது மாதிரி கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது பக்கத்தில் வேகம் கூடுவதை நான் பத்து தரம் சொல்லியும் ஒப்புக்கொள்ளாத பிள்ளைகள், தங்கள் பதிவை ஒரு தரம் கேட்டதும் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும், பல போன்கள் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துச் சமன் செய்துவிடும், அதனால் பதிவில் மெலிதும் உரத்ததும் ஒன்று போலக் கேட்டால் உடனே குழந்தையைக் குறை சொல்லாதீர்கள், நேரில் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. 2020-லிருந்து ஏபிஆர்எஸ்எம் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு என்று வீடியோ அனுப்பித் தருகிற தேர்வும் நடத்துகிறது. நாலு பீஸ், ஒவ்வொன்றுக்கும் 30, மொத்த நிகழ்ச்சிக்கு ஒரு 30. நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது, நாலும் ஒரே மூச்சில். ஸ்கேல், சைட் ரீடிங், ஆரல் அதில் கிடையாது. வீடியோவிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அது சுலபம் என்று உடனே மாற்றிவிடாதீர்கள், இந்த வயதில் சைட் ரீடிங்கை விட்டால் ஐந்தாவது கிரேடு வரும்போது ஒவ்வொரு பீஸும் மலையாகிவிடும்.

அந்த அம்மாவுக்கு, மீதி இருக்கிற எட்டு வாரத்துக்கு. முதல் இரண்டு வாரம் வீடியோவை முழுக்க நிறுத்த வேண்டாம், அழுகைதான் மிஞ்சும். பியானோ இருக்கிற அறையிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் புத்தகத்தோடு கேட்கலாம், பியானோ முன்னால் போன் கிடையாது. தினமும் உட்கார்ந்ததும் முதல் ஐந்து நிமிடம் சைட் ரீடிங், பழைய ஒன்றாம் கிரேடு, இரண்டாம் கிரேடு புத்தகங்களில் அவள் வாசிக்காமல் விட்ட பீஸ்கள் இருக்குமே, அவையே போதும். தேர்வுக்கு முந்தின பத்து நாள் அடுத்தவர் வாசித்த எதையும் கேட்க வேண்டாம், அவளுடைய வேகம் அவள் உடம்பில் நிற்க வேண்டும், அந்த நேரத்தில் வேகமான ஒரு பதிவைக் கேட்டால் தேர்வு அறையில் அந்த வேகத்தில்தான் ஆரம்பிப்பாள். வாசிக்கத் தொடங்கும் முன், அரபெஸ்கில் அந்த இடது கைப் பகுதி மாதிரி, தன் பீஸில் கஷ்டமான பகுதியை மனதுக்குள் இரண்டு பார் பாடிப் பார்த்துவிட்டு, அந்த வேகத்தில் முதல் நோட்டைத் தொடச் சொல்லுங்கள். டீச்சரிடமும் இதையெல்லாம் சொல்லிவிட்டே செய்யுங்கள், அவருக்குத் தெரியாமல் வேண்டாம்.

சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.