பின்னால் போய் மேலே ஏறும் ஸ்டேஷன்

எல்லோருக்கும் வணக்கம். நான் ரயில்வேக்காரன் இல்லை. குன்னூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஆள், அவ்வளவுதான். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

அங்கே உட்கார்ந்தால் ஒரு கேள்வி கட்டாயம் காதில் விழும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த மலை ரயில் குன்னூரில் நிற்கும். ஜனங்கள் இறங்கி டீ, வடை சாப்பிடுவார்கள். மறுபடி கிளம்பும்போது வண்டி முன்னால் போகாது, வந்த வழியிலேயே பின்னால் நகரும். உடனே ஜன்னலோரத்துக் குழந்தை கத்தும்: "அப்பா, திரும்பக் கீழே போகுது!" பாவம், அப்பாவுக்கும் விஷயம் தெரியாது. "டிரைவர் எதையாவது மறந்திருப்பாரு" என்று ஒருவர் சமாளித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

மறந்தது டிரைவர் இல்லை. 1899இல் இந்தப் பாதை திறந்தபோது குன்னூர்தான் கடைசி ஸ்டேஷன். அதற்கு மேலே தண்டவாளமே கிடையாது. அதுவரை கொண்டு வந்ததே பெரும்பாடு. 1891இல் வேலையைத் தொடங்கிய முதல் கம்பெனி மூன்றே வருடத்தில் நொடித்துப்போனது. அப்புறம் இன்னொரு கம்பெனி வந்துதான் முடித்தது. கடைசி ஸ்டேஷனுக்கு முன்பக்கம் வழி எதற்கு? விடவில்லை. 1908இல் ஊட்டி வரை பாதையை நீட்டியபோது, வண்டி கொஞ்சம் பின்வாங்கி வேறு தண்டவாளத்தில் ஏறித்தான் மேலே போக வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அதேதான். ஒன்பது வருடம் கடைசி ஊராக இருந்த நினைப்பை அந்த ஸ்டேஷன் இன்னும் விடவில்லை.

சரி, கீழேயிருந்து வருவோம். கல்லாறு வரை இது சாதாரண மீட்டர் கேஜ் ரயில். கல்லாறு தாண்டியதும் சரிவு 12 அடிக்கு ஓர் அடி என்று ஏறும். வெறும் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கும். அதற்காக இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரண்டு பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் எந்த நொடியும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

எஞ்சின் சுவிட்சர்லாந்து வின்டர்தூரில் உருவான 'எக்ஸ் கிளாஸ்' என்கிற நீராவி வகை. அதன் சிக்கனம்தான் எனக்குப் பிடித்தது. கொதிகலனிலிருந்து வரும் ஆவி முதலில், தண்டவாளத்தில் ஓடும் சாதாரணச் சக்கரங்களைத் தள்ளுகிறது. பல் தண்டவாளத்தில் ஏறும்போது அந்த ஆவியை அப்படியே வெளியே விட்டுவிடுவதில்லை. இன்னொரு ஜோடி சிலிண்டருக்கு அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். நம் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற கணக்கு!

எஞ்சின் முன்னால் இழுக்காது, கீழ்ப்பக்கம் நின்று முட்டுக்கொடுத்துத் தள்ளும். அதனால் டிரைவருக்கு முன்னாலிருக்கும் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில், பிரேக் பிடிக்கும் ஊழியரான ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். அவர் பச்சை காட்டினால் பின்பெட்டிக்காரர் பச்சை காட்டுவார், அப்படியே கொடி கொடியாகச் செய்தி எஞ்சினுக்கு வந்து சேரும். மழையோ பனியோ, அந்த மனிதருக்குத் தலைக்கு மேல் கூரை கொஞ்சம், எதிரே திறந்த வெளி. ஒருமுறை வழியிலுள்ள ஹில்குரோ ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது பார்த்தேன். ஒரு பிரேக்ஸ்மேன் நனைந்த சிவப்புக் கொடியை முறுக்கிப் பிழிந்து, உதறி, அக்குளில் செருகிக்கொண்டு டீ குடித்தார். இந்த ரயிலைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தக் கொடிதான் ஞாபகம் வரும்.

2005இல் இந்த ரயிலுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. அதற்கப்புறம் 'பாரம்பரியம்' என்றாலே சுவருக்குப் பெயின்ட், தரைக்கு டைல்ஸ், வாசலில் ஒரு செல்ஃபி மேடை என்ற நினைப்பு எல்லா ஊரிலும் வந்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குன்னூரில் காப்பாற்ற வேண்டியது கட்டடம் மட்டும் என்றால் வேலை சுலபம். பக்கத்தில் எஞ்சின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட்தான் கஷ்டம். கடையில் கிடைக்காத உதிரிபாகத்தை வார்த்து, இழைத்து, பொருத்தத் தெரிந்த கை வேண்டும். திருச்சி பொன்மலைப் பணிமனையில் இந்த மலைக்கென்றே புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து அனுப்பினார்கள். அதை யாரும் போட்டோ எடுத்து மாட்டுவதில்லை.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிடுவார்கள். ஊட்டிக்கு டீசல் எஞ்சின். எல்லோரும் டீக்கடைப் பக்கம் ஓடும்போது நீங்கள் மட்டும் ஷெட் பக்கம் பாருங்கள். ஏறி வந்த எஞ்சின் புஸ்ஸென்று மூச்சு விட்டபடி நிற்கும். எண்ணெய்க் கேனோடு ஒருவர் அதன் அடியில் குனிவார். அதற்குள் விசில் ஊதிவிடும், உங்கள் வண்டி பின்னால் நகரத் தொடங்கும். பக்கத்து சீட்டுக் குழந்தை கத்தினால் இந்த முறை நீங்கள் பதில் சொல்லலாம்.