முன்னால் போகும் காரின் காற்று

வணக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பு.

கார் பந்தயத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பந்தயம் ஓட்டியவன் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் பக்கம், இருபத்திரண்டு வருடம் காற்றாலைகளைப் பராமரித்தவன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு ஐரோப்பாவில் ஃபார்முலா ஒன் பந்தயம் தொடங்கினால், அந்த நேரத்துக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள மாட்டேன். காற்றாலைக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கு அந்தச் சம்பந்தம் பிடிபட்டது ஒரு ஆடி மாதத்து மதியம்.

மேல்காற்று மலை இடைவெளி வழியாகப் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. கோபுரத்தடியில் நின்று பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. எங்கள் வரிசையில் எல்லாமே 225 கிலோவாட் மெஷின்கள். முன்னால் நின்றது 225-ஐத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. அதற்கு நேர் பின்னால் நின்றது 140, 150 என்று தத்தளிக்கிறது. இரண்டும் ஒரே கம்பெனி மெஷின். ஒரே வாரத்தில் கிரீஸ் வைத்தது. இறக்கையில் பூச்சி ஒட்டியிருக்கிறதா, கியர்பாக்ஸில் கோளாறா என்று மேலே ஏறிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு முன்னால் நின்ற மெஷினை வேறொரு வேலைக்காக நிறுத்தினார்கள். நான் பின்னால் உள்ள கோபுரத்தின் கண்ட்ரோல் பேனல் முன்னால் நின்றிருந்தேன். முன் மெஷினின் இறக்கை மெல்ல மெல்ல நின்றது. என் பேனலில் எண் ஏறுகிறது. 160, 185, 210. பின் மெஷினை யாரும் தொடவே இல்லை. முன்னால் இருந்தவன் விலகினான், அவ்வளவுதான்.

முன் இறக்கை காற்றிலுள்ள சக்தியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சுழலும் காற்றாகப் பின்னால் தள்ளுகிறது. அந்தக் காற்றில் பலமும் குறைவு, நிதானமும் கிடையாது. பின் மெஷினுக்கு மின்சாரம் குறைவதோடு, அதிர்வும் கூடும், பேரிங் சீக்கிரம் தேயும். அதனால்தான் காற்று வரும் திசையில் ஒரு கோபுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அவ்வளவு இடம் விடுகிறோம்.

ஃபார்முலா ஒன் காரின் கதையும் இதுவேதான். அந்தக் கார் வளைவில் அத்தனை வேகத்தில் திரும்ப முடிவது டயரால் மட்டும் இல்லை. முன் இறக்கை, பின் இறக்கை, அடித்தளம் மூன்றும் காற்றைப் பிடித்துக் காரைத் தரையோடு அழுத்துகின்றன. டவுன்ஃபோர்ஸ் என்று சொல்வது இந்த அழுத்தத்தைத்தான். முன்னால் ஒரு கார் போனால் பின்னால் வருபவனுக்குக் கிடைப்பது கலங்கிய காற்று. ஓட்டுநர்கள் அதை டர்ட்டி ஏர் என்பார்கள். நேர்ச்சாலையில் அது உதவிதான், எதிர்க்காற்று குறையும். வளைவில் அதுவே எமன். அழுத்தம் குறைகிறது, கார் சறுக்குகிறது, சறுக்கினால் டயர் சூடாகிறது, சூடானால் இன்னும் சறுக்குகிறது. நாலு சுற்று துரத்திவிட்டு ஓட்டுநர் தானாகவே இரண்டு விநாடி பின்வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்குத் துணிச்சல் குறைந்துவிடவில்லை. டயரைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

இதற்கு அளவும் இருக்கிறது. 2022-க்கு முந்தைய கார்களில், முன்னால் போகும் காருக்கு 20 மீட்டர் பின்னால் வந்தால் 35 சதவீத டவுன்ஃபோர்ஸ் போய்விடும் என்றும், 10 மீட்டருக்கு நெருங்கினால் 46 சதவீதம் போய்விடும் என்றும் ஃபார்முலா ஒன் அமைப்பே கணக்குச் சொன்னது. ஏறக்குறைய பாதி! எங்கள் பின் மெஷின் ஞாபகம் வருகிறதா?

விதி மாற்றங்களைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பந்தயம் சப்பென்று ஆகிவிட்டது என்று குரல் எழும்போதெல்லாம் விதியை மாற்றுகிறார்கள். சில விதிகள் அந்தக் காற்றையே சரிசெய்யப் பார்க்கின்றன. சில விதிகள் காற்றை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் வருபவன் கையில் ஒரு ஊன்றுகோலைக் கொடுக்கின்றன. முந்துதல் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஊன்றுகோல் ஜெயித்ததுபோலத் தெரியும். நெஞ்சு படபடக்கிறதா என்று கேட்டால் பதில் வேறு.

2010 கடைசிப் பந்தயம், அபுதாபி. அந்த வருட உலகப் பட்டம் ஃபெர்னாண்டோ அலோன்சோவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் விட்டாலி பெட்ரோவின் ரெனோ காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். சுற்றுக்குமேல் சுற்று ஓடியும் தாண்ட முடியவில்லை. நாலே நாலு புள்ளியில் பட்டம் செபாஸ்டியன் வெட்டலுக்குப் போயிற்று. அடுத்த வருடமே டி.ஆர்.எஸ். வந்தது. முன்னால் போகிறவருக்கு ஒரு விநாடிக்குள் வந்துவிட்டால், குறிப்பிட்ட நேர்ச்சாலையில் பின்னால் வருபவர் பட்டனை அழுத்திப் பின் இறக்கையின் ஒரு தகட்டைத் திறந்துகொள்ளலாம். எதிர்க்காற்று குறைந்து வேகம் சட்டென்று கூடும். முன்னால் போகிறவர், தனக்கும் முன்னால் ஒரு கார் ஒரு விநாடிக்குள் இருந்தால் ஒழிய, தகட்டைத் திறக்கக் கூடாது.

முந்துதல் எக்கச்சக்கமாகக் கூடியது. ஆனால் பெரும்பாலும் எப்படி நடந்தது? நேர்ச்சாலையின் பாதியிலேயே பக்கத்தில் வந்து, பிரேக் போடும் இடத்துக்கு முன்னாலேயே தாண்டிப் போய்விடுவார்கள். தடுப்பதற்கு முன்னவருக்கு வழியே கிடையாது. நாலைந்து கார்கள் வரிசையாக ஒரு விநாடி இடைவெளியில் ஓடினால் எல்லோருக்கும் தகடு திறக்கும், ஒருவராலும் தாண்ட முடியாது. அப்போது ரயில் பெட்டி மாதிரி போவார்கள்.

தாண்டாமலேயே நெஞ்சை உறைய வைத்த பந்தயமும் உண்டு. 2005, இமோலா. கடைசிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகளில் மைக்கேல் ஷூமாக்கர் அலோன்சோவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் இப்போது, இப்போது என்று இருந்தது. அலோன்சோ விடவில்லை. கால் விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தச் சுற்றுகளில் அவர்கள் இருவருக்கும் நடுவே தாண்டுதல் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஸ்டோர் ரூமில் இருந்த சின்ன டி.வி. முன்னால் ஏழு பேர் நின்றுகொண்டே பார்த்தோம். யாரும் உட்காரவில்லை. தாண்டலாம் என்ற பயமும் தடுக்கலாம் என்ற நம்பிக்கையும் கடைசி வரை உயிரோடு இருந்ததே, அதைத்தான் நான் விறுவிறுப்பு என்கிறேன்.

அதே 2005-ல் இன்னொரு விதி என்ன செய்தது என்பதைத் தமிழர்களாகிய நாம் மறக்க முடியாது. அந்த வருடம் பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றக் கூடாது, ஒரே செட் டயரில் ஓடி முடிக்க வேண்டும் என்று விதி. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தளத்தில் சரிவாகக் கட்டிய கடைசி வளைவை மிஷெலின் டயர்கள் தாங்கவில்லை. ஆபத்து என்று சொல்லி, பந்தயத்துக்கு முன்னால் ஓடும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் பிட்டுக்குள், அதாவது டயர் மாற்றும் இடத்துக்குள், போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அந்த ஆறில் ஒருவர் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். ஜோர்டான் அணிக்காக ஓட்டி நாலாவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர், இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள். எனக்கு அன்று கண் கலங்கியது உண்மை. அந்த நாளில் கூட்டம் கூச்சல் போட்டதும் உண்மை. காசு கொடுத்து வந்தவர்கள் ஆறு கார் ஓடுவதைப் பார்க்கவா வந்தார்கள்? நரேன் இருபது கார்களுக்கு நடுவில் அந்தப் புள்ளியை எடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். டயர் மாற்ற விடாத அந்த விதியை அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள்.

காற்றைச் சரிசெய்யப் பார்த்த விதிகளுக்கு வருகிறேன். முந்துதலை ஆராய ஒரு குழுவே போட்டு, அதன்படி 2009-ல் முன் இறக்கையை அகலமாக்கினார்கள், பின் இறக்கையைக் குறுக்கி உயர்த்தினார்கள். பின்னால் போகும் காற்று கலங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நல்ல கணக்கு. ஆனால் விதியில் ஒரு சந்து இருந்தது. பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் மூன்று அணிகள் அந்தச் சந்தைப் பார்த்து, காரின் பின்பக்க அடியில் இரட்டை டிஃப்யூசர் வைத்தன. டிஃப்யூசர் என்பது அடியில் போகும் காற்றை வெளியே இழுத்து அழுத்தம் கூட்டும் வழி. பிரான் அணி ஓட்டுநர் ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயத்தில் ஆறை ஜெயித்தார். மற்றவர்களும் அதையே செய்தார்கள், காற்று மறுபடி கலங்கியது.

2017-ல் நேர் எதிராகப் போனார்கள். கார் வேகமாக இருக்க வேண்டும் என்று அகலத்தை 180 சென்டிமீட்டரிலிருந்து 200 ஆக்கி, டயரையும் பெரிதாக்கினார்கள். கார் பறந்தது. முந்துதல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கார் அகலமானால் ரோடு குறுகியதற்குச் சமம். வளைவில் வேகம் கூடினால் பிரேக் போடும் தூரம் குறையும். தாண்டுவதற்கு இருக்கும் இடமே அதுதான். (நம் ரோட்டில் முந்துவதைச் சேர்த்துச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். களியக்காவிளை ரோட்டில் வளைவில் பஸ்ஸை முந்தும் பையன்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு நடுங்கும். பந்தயத் தளத்தில் எதிரே வண்டி வராது, தம்பிகளா.)

என் கணக்கில் நியாயமான மருந்து 2022-ல் வந்தது. காரின் அடித்தளத்தில் சுரங்கம் மாதிரி வழி வைத்து, அழுத்தத்தைப் பெரும்பாலும் அடியிலிருந்தே எடுக்கச் செய்தார்கள். 1982-ஓடு தடை செய்த பழைய யோசனைதான். கலங்கிய காற்றை மேலே தூக்கி எறிவது நோக்கம். 35 சதவீதம் போன இடத்தில் 4 சதவீதமும், 46 போன இடத்தில் 18-ம் மட்டுமே போகும் என்று சொன்னார்கள். முதல் வருடம் ஒட்டிக்கொண்டு துரத்துவதைக் கண்ணால் பார்த்தோம். அடுத்த வருடம் ரெட் புல் அணியின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 22-ல் 19 பந்தயம் ஜெயித்தார். விதி தோற்றுவிட்டது என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

புது விதி வந்தால் ஒருவர் அதை மற்றவர்களைவிடச் சரியாகப் படித்துவிடுவார். 2009-ல் பிரான், 2014-ல் மெர்சிடிஸ், பிறகு ரெட் புல். மற்றவர்கள் எட்டிப் பிடிக்க வருடங்கள் ஆகும். விதியை அசைக்காமல் விட்டதால்தான் 2024-ல் ஏழு பேர் ஆளுக்கு இரண்டு பந்தயமாவது ஜெயித்தார்கள், அணிப் பட்டம் கடைசிப் பந்தயம் வரை போனது. அந்த நேரத்துக்குள் காற்று மறுபடி கொஞ்சம் கெட்டுவிட்டதும் வாஸ்தவம். இன்ஜினீயர்கள் சும்மா இருப்பார்களா? ஆனாலும் ஒரு தென்னையை நட்டு நாலாவது வருடம் பிடுங்கினால் காய் எப்போது பறிப்பது?

ஊர்த் தெருக்களிலேயே நடக்கும் மொனாக்கோ பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024-ல் முதல் பத்துப் பேரும் புறப்பட்ட வரிசையிலேயே முடித்தார்கள். அடுத்த வருடம், குறைந்தது இரண்டு முறை டயர் மாற்றியே ஆக வேண்டும் என்று விதி போட்டார்கள். நடுவில் இருந்த அணிகள் என்ன செய்தன தெரியுமா? ஒரு காரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, பின்னால் வந்தவர்களை அடைத்து வைத்து, தன் அணியின் இன்னொரு கார் நிம்மதியாக டயர் மாற்றிவரச் செய்தன. தெருவின் அகலம் மாறவில்லை, காரின் அகலம் மாறவில்லை. பிட்டுக்குள் எத்தனை முறை போகச் சொன்னாலும் வெளியே இடம் பிறக்காது.

2026 விதிகளில் அந்த அகலத்தைத் தொட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். கார் 10 சென்டிமீட்டர் ஒடுங்கி 190 ஆகிறது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி 20 சென்டிமீட்டர் குறைகிறது, எடையில் 30 கிலோ போகிறது. டி.ஆர்.எஸ். போய்விட்டது, நேர்ச்சாலையில் இறக்கைத் தகடு எல்லோருக்கும் அசையும். ஒரு விநாடிக்குள் வருபவருக்கு அதற்குப் பதிலாகக் கூடுதல் மின்சக்தி கிடைக்கும். இதுவும் ஊன்றுகோல்தான், மறுக்கவில்லை. ஆனால் பேட்டரியில் இருப்பதை எந்த வளைவுக்குப் பிறகு செலவழிப்பது, எங்கே சேமிப்பது என்று முன்னால் போகிறவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தடுக்கிறவர் கையிலும் ஆயுதம் இருந்தால் அது சண்டை.

அடுத்த பந்தயத்தைப் பார்க்கும்போது ஒன்று செய்து பாருங்கள். கேமரா நேர்ச்சாலையைக் காட்டும், நீங்கள் அதற்கு முந்தைய வளைவைக் கவனியுங்கள். இரண்டாவது காரின் மூக்கு உள்பக்கக் கோட்டை விட்டு வெளியே வழுக்கினால், ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இரண்டு முறை திருத்தினால், அவருக்குக் காற்று கிடைக்கவில்லை. மூக்கு கோட்டிலேயே ஒட்டி நின்றால், எழுந்து டி.வி. பக்கத்தில் போங்கள்.

நன்றி. வணக்கம்.