வயதைக் கணக்குப் போட்டவர்

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் காலையில் நடக்கப் போகிறவர்களுக்கு இது தெரியும். ஒரே வருடம் ஓய்வு பெற்ற இரண்டு பேரில் ஒருவர் கை வீசி நடப்பார். மற்றவர் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பார். ஆதார் அட்டையில் இருவருக்கும் ஒரே வயதுதான். உடம்பின் வயதை அளக்க வழி தேடியவர் ஸ்டீவ் ஹார்வத். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் கணிதமும் உயிர்ப்புள்ளியியலும் படித்தவர்.

நம் டி.என்.ஏ.வில் ஆங்காங்கே மீத்தைல் என்ற சிறு வேதிக்கூறு ஒட்டிக்கொள்ளும். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்பதில் அதற்குப் பங்குண்டு. வயது ஏற ஏறச் சில இடங்களில் அது கூடும், சில இடங்களில் குறையும்.

இரட்டையர்களின் எச்சிலிலிருந்த டி.என்.ஏ.வின் மீத்தைலில் ஹார்வத் முதலில் தேடியது பாலியல் நாட்டத்துக்கான தடயத்தை. அது அகப்படவில்லை. வயது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் பிறர் ஆய்வு செய்து பொதுவில் போட்டுவைத்த 82 தரவுத் தொகுப்புகளை அள்ளினார். சுமார் 8000 மாதிரிகள். ரத்தம், மூளை என்று 51 வகைத் திசுக்களும் செல்களும். சலித்துச் சலித்து டி.என்.ஏ.வின் 353 இடங்களில் வந்து நின்றார். அங்கே மீத்தைல் எவ்வளவு என்று பார்த்தே வயதைச் சொல்லலாம். பாதி மாதிரிகளில் பிழை 3.6 ஆண்டுக்குள்தான். இவ்வளவு பொருந்துமா என்று சந்தேகப்பட்டு அறிவியல் இதழில் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று பாட்டில் பீரை மளமளவென்று குடித்துவிட்டு இதழாசிரியருக்கு மறுப்பு எழுதினாராம். வானொலியில் இதைச் சிபாரிசு செய்ய முடியாது! 2013இல் கட்டுரை வெளிவந்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பொதுத் தரவுதான். நம் மாவட்டத்தில் கணிதம் படித்துவிட்டு வங்கித் தேர்வுக்கு மட்டும் தயாராகும் பிள்ளைகள் ஏராளம். இப்படிப்பட்ட தரவு அவர்களுக்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, மீத்தைலை மாற்றினால் இளமை திரும்புமா? தென்னையில் மட்டை விழுந்த தடங்களை எண்ணி மரத்தின் வயதைச் சொல்லிவிடலாம்; தடத்தைச் செதுக்கினால் மரம் கன்றாகிவிடாது. மீத்தைல் வெறும் தடமா, மூப்புக்கே காரணமா என்பது இன்னும் முடியாத வழக்கு. ஹார்வத் 2022இல் ஆல்டோஸ் லேப்ஸில் சேர்ந்தார். செல்களை இளமைக்குத் திருப்ப முடியுமா என்று ஆராயும் நிறுவனம் அது. அதற்குள் ‘உங்கள் உண்மையான வயது’ என்று இணையத்தில் பரிசோதனைப் பெட்டி விற்கிறார்கள். வெளிநாட்டுப் பேரன் வாங்கி அனுப்பினால் செய்து பாருங்கள். பென்ஷன் பணத்தில் வேண்டாம்.